ஹார்ப்பர் துரைசானியின் கல்யாணக் கவுன்

கடிதம் வந்த அன்று, கவுன் நாற்பத்திரண்டு துண்டாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். அவர் வெள்ளைக்காரி. தமிழை வேதாகமத்திலிருந்து கற்றவர். நோயாளியிடம் “நாவை நீட்டும்” என்று அவர் சொன்னால் தீர்க்கதரிசனம் போலக் கேட்கும்.

“ஆதிகேசவனே, ஹார்ப்பர் அம்மையார் எழுதுவது என்னவெனில், ‘சென்ற பெட்டியில் என் மணவஸ்திரத்தை அனுப்பியிருந்தேன். அது எவ்விதம் பயன்பட்டது என்று நானே வந்து கண்ணாரக் காண விரும்புகிறேன்.’ அவர்கள் சென்னைப் பட்டணத்தில் கப்பலிறங்கிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை இங்கே இருப்பார்கள்.”

“சரிங்கம்மா.”

“அந்த வஸ்திரத்தைப் பத்திரமாய் வைத்திருக்கிறீரா?”

ஒரு துண்டு வார்டில் ரஷீத் அஹமதுவின் பாதத்தில் இருந்தது. ஒரு துண்டு வண்டிக்காரர் ஒருவரின் காதை மூடியிருந்தது. ஒரு துண்டு, கட்டைவிரல் நசுங்கிய ஒருவனோடு ஆலங்காயம் ஊருக்குப் போய்விட்டது. மற்றவை எங்கெங்கே என்று ஆதிகேசவனுக்கே தெரியாது.

“ரொம்பப் பத்திரமா இருக்குதுங்கம்மா” என்றான்.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே ரோட்டோரம் இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு இரண்டு முறை அமெரிக்காவிலிருந்து பழைய துணிப் பெட்டிகள் வரும். அவற்றைப் பிரித்துத் தரம் பார்ப்பது ஆதிகேசவனின் வேலை. உத்தியோகத்தின் பெயர் துணியறை ரைட்டர். சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம்.

பெட்டியைத் திறந்தால் நான்கு குவியல். இங்கே உள்ளவர்கள் உடுத்தக்கூடியது ஒன்று. கம்பளி எல்லாம் ஒன்று. ஆம்பூர் வெயிலில் அதைத் தொடவே ஆளில்லை என்பதால் ஜவ்வாது மலைக்கு மூட்டை கட்டுவார்கள். அழுக்கும் எண்ணெயும் ஏறியது தோல் பதனிடும் ஷாப்புக்கு, தோலுக்கு எண்ணெய் தடவ. வெள்ளை எதுவாக இருந்தாலும் கட்டுத்துணி. வேகவைத்து, நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, சுருட்டி டிராயரில் அடுக்க வேண்டும்.

எந்தக் குவியலிலும் சேராத சாமான்களும் வரும். ஒருமுறை இரண்டு பக்கமும் திறந்த பூனை ஒன்று வந்தது. பூனை இல்லை, ரோமத்தில் தைத்த உறையாம்; கையை உள்ளே விட்டுக் குளிர் காய்வதற்கு. எலும்பு வைத்துத் தைத்த இடுப்புச் சட்டை ஒன்று வந்தது. பனைமரத்திலிருந்து விழுந்தவனுக்கு அதைக் கட்டிவிட்டார் கம்பவுண்டர். அவன் நன்றாகவே தேறினான்.

இந்தக் கவுனை ஆதிகேசவன் இரவுச் சட்டை என்று நினைத்தான். நீளமாக, வெள்ளையாக, மல் துணியைவிட மெல்லிசாக இருந்தது. வெள்ளைக்குவியலில் போட்டான். கிழித்தான். விதிப்படி செய்த வேலை.

கல்யாணத் துணி என்று தெரிந்திருந்தால் கிழிக்கக் கை வந்திருக்காது. முகூர்த்தப் புடவையை யாரும் கிழிப்பதில்லை. பஞ்சம் வந்தாலும் அது பெட்டியின் அடியில் கிடக்கும். கட்டியவள் செத்தால் அவளோடு போகும். பிறகு பெட்டியில் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஊரில் எந்தப் பெண்ணின் முகூர்த்தப் புடவையையாவது கிழித்து ஒருவன் காலில் கட்டினால், அடுத்த கட்டு கிழித்தவனுக்குத்தான்.

“அந்த அம்மையார்தான் பெட்டிகளை அனுப்பும் சங்கத்தின் தலைவி” என்றார் டாக்டரம்மா. “அவர்கள் மனம் மகிழ்ந்தால் பெட்டிகள் வரும். மகிழாவிட்டால் வரா. பெட்டி இல்லையேல் துணியறை இல்லை. துணியறை இல்லையேல்...”

அவர் முடிக்கவில்லை. ஆதிகேசவன் மனசுக்குள் முடித்துக்கொண்டான். தோல் ஷாப்பு.

இதற்கு முன் மூன்று வருஷம் அவன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவன். வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி சுந்தரி வெளியே போவாள். “நீங்க வர்றது செத்த ஆடு நடந்து வர்றா மாதிரி இருக்குது” என்று ஒருநாள் சொல்லிவிட்டுக் கலவை என்ற ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மூன்று மாதம் பினாயில் வாசனையோடு நடமாடிய பிறகுதான் திரும்பி வந்தாள். தோல் ஷாப்பென்றால் கலவை. அவ்வளவுதான் கணக்கு.

“அந்த வஸ்திரத்தை நான் காணலாமா?” என்றார் டாக்டரம்மா.

“இங்க இல்லீங்கம்மா.” நாக்கு தானாகப் பேசியது. “கல்யாணத் துணியாச்சே, சும்மா வெக்கக் கூடாதுன்னு ஒரு ஏழைக் கல்யாணப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். “நல்ல காரியம் செய்தீர். வியாழக்கிழமை அவளை அழைத்து வாரும். அதே வஸ்திரம் தரித்தவளாய்.”

முதலில் அவனுக்குத் தோன்றியது, துண்டுகளைத் திரும்பச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்பது. நாற்பத்திரண்டும் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் ஒல்லியான மணப்பெண்ணுக்கு ஆகும். வார்டுக்குப் போனான்.

ரஷீத் அஹமது தோல் ஷாப்பு மேஸ்திரி. தோல் சீவுகிற கத்தி காலில் விழுந்து படுத்திருந்தார்.

“இன்னா ரைட்டரே, கட்டு அவுக்க நர்சம்மா இல்லியா?”

“துணி மாத்தணும் பாய்.”

“காலையிலதானே மாத்தினாங்க.”

“இந்தத் துணி தப்பா வந்துட்டது. வேற தர்றேன்.”

ரஷீத் அஹமது காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “நாப்பது வருஷமா தோலு தடவிப் பாக்கறேன். ஆட்டுத்தோலு, கன்னுக்குட்டித்தோலு, எல்லாம். இந்த மாதிரி மெத்துனு எதுவும் என் கையில பட்டதில்ல. இது வேணும்னா காலையும் சேத்து எடுத்துனு போ.”

பக்கத்துக் கட்டிலில் வேதாசலம். மாடு முட்டிய கை. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அது இன்னா துணி?”

“ஒண்ணுமில்ல, படுங்க.”

“அவர் காலுக்கு மட்டும் மெத்துனு துணி. என் கைக்குக் கோணி. நானும் இதே ஆஸ்பத்திரிதானே?”

“அது வெள்ளைக்காரத் துணி” என்றார் ரஷீத் அஹமது, மேஸ்திரியின் தோரணையில். “உங்களுக்கெல்லாம் வராது.”

அந்த ஒரு வார்த்தை போதும். கடைசிக் கட்டில் வரைக்கும் போனது. அன்று மாலை கட்டு மாற்ற வந்த நர்சிடம் பதினாறு பேர் கையையும் காலையும் நீட்டவில்லை. மேஸ்திரிக்குப் போட்ட துணியைப் போட்டால்தான் நீட்டுவோம் என்றார்கள். காயமே இல்லாத ஒருவன், வயிற்றுவலிக்காரன், அவனும் தனக்கொரு கட்டு வேண்டும் என்றான்.

விஷயம் டாக்டரம்மா காதுக்குப் போகக் கூடாது. ஆதிகேசவன் துணியறைக்கு ஓடினான். நல்ல வெள்ளையாக மீதி இருந்தவை நான்கு மேஜைவிரிப்புகள். ஒரு கல்யாணமே பண்ணலாம் போன்ற விரிப்புகள். நான்கையும் கிழித்து வார்டு முழுக்கக் கட்டினான். வயிற்றுவலிக்காரனுக்கும் கட்டினான். அவனுக்கு வலி நின்றுவிட்டது.

வார்டு அடங்கியது. குப்பைத் தொட்டியிலும் வண்ணான் மூட்டையிலும் தேடி, பழைய கவுன் துண்டு பதினொன்று சேர்த்தான். வேகவைத்தான். அயோடின் கறை போகவில்லை. எடுத்துக்கொண்டு சைராவிடம் போனான்.

சைரா ஆஸ்பத்திரிக்குத் துணி தைப்பவள். மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல் பேசுவாள். அன்று தூக்கினாள்.

“இது இன்னா ரைட்டரே?”

“கவுனு.”

“இது கவுனா? கவுனு செத்துப்போன எடம் மாதிரி இருக்குது.”

“சேத்துத் தைக்க முடியுமா?”

“கோழிக்குத் தைக்கலாம். சின்னக் கோழியா இருக்கணும்.”

“அப்போ புதுசா ஒண்ணு தை.”

“துணி?”

அப்போதுதான் மேஜைவிரிப்புகளின் நினைவு அவனுக்கு வந்தது. நான்கு விரிப்பு. முழங்கால் முதல் தரை வரை சுருக்கம் வைத்துத் தைத்திருக்கலாம். அதை வயிற்றுவலிக்காரன் கட்டிக்கொண்டு தூங்குகிறான்.

அறை முழுவதும் பார்த்தான். கம்பளி. எண்ணெய்த்துணி. இரண்டு படுக்கைவிரிப்பு. மூலையில் சலவைக்குப் போக வேண்டிய மூட்டை. அதன் மேலே டாக்டரம்மாவின் கொசுவலை. பெரியது. வெள்ளை. ஓரத்தில் பூவேலை வேறு.

சைரா அவன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். “ரைட்டரே, வேணாம்.”

“வியாழக்கிழமை சாயங்காலம் பிரிச்சுக் குடுத்துடலாம்.”

“வேலை போய்டும்.”

“இல்லன்னாலும் போய்டும்.”

மாதிரிக்கு ஒரு பிஸ்கட் டப்பா மூடி கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரக் கல்யாணப் பெண் பூச்செண்டோடு நின்றாள். சைரா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் தகரம்தான்.

“முதுகு எப்பிடி இருக்கும்?”

“தெரியாது.”

“தெரியாததை எப்பிடித் தைக்கிறது?”

“ஏதாவது பண்ணு.”

“அப்போ முதுகு வேணாம். நாடா வெச்சுக் கட்டிடறேன். பொண்ணைத் திரும்பாம நிக்கச் சொல்லு.”

மறுநாள் காலை டாக்டரம்மாவின் முகத்தில் பதினேழு தடிப்பு இருந்தது. “என் கொசுவலை எங்கே?” என்று கேட்டார். சலவைக்குப் போயிருக்கிறது என்றான் ஆதிகேசவன். அதற்கடுத்த நாள் ஒரு கண் பாதி மூடியிருந்தது. “சலவைக்காரன் எப்பொழுது வருவான்?” என்றார். வியாழன் சாயங்காலம் என்றான். அவர் மறு கண்ணால் அவனைப் பார்த்தார். கொசுக்கள் வேதாகமத்து எகிப்தில்கூட இத்தனை இல்லை என்றார்.

கவுன் ஆயிற்று. மணப்பெண்?

மாதனூரில் அந்த மாதம் கல்யாணம் நிச்சயமான பெண்கள் மூன்று பேர். முதல் பெண் சிரித்தாள். இரண்டாவது பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் விளக்குமாற்றைத் தேடினார்கள். புதன்கிழமை மாலை ஆதிகேசவன் மூட்டையோடு தன் வீட்டுக்கு வந்தான்.

சுந்தரி கவுனைத் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாகப் புருஷனின் முகம் தெரிந்தது.

“கொசுவலைதானே இது?”

“கவுனு.”

“முதுகு எங்க?”

“செவுத்துல சாஞ்சு நில்லு.”

“நாலு வருஷத்துக்கு முன்ன கல்யாணம் ஆனவளுங்க நான். இப்போ போய் கல்யாணப் பொண்ணா நிக்கணுமா?”

“ஒரு மணி நேரம்.”

“மாட்டேன்னா?”

“நாளைக்கே தோல் ஷாப்பு.”

 சுந்தரி கவுனை உதறி, தோளில் வைத்து அளவு பார்த்தாள். “இடுப்புல கொஞ்சம் புடிக்கச் சொல்லுங்க” என்றாள்.

வியாழக்கிழமை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கோடியில், சுவரோடு சுவராகச் சுந்தரி நின்றாள். உள்ளே படுக்கைவிரிப்பு, மேலே கொசுவலை, கையில் செவ்வரளிக் கொத்து. வெயில் முகத்தில் அடித்தது. நகர முடியாது. நகர்ந்தால் முதுகு.

டாக்டரம்மா அவளைப் பார்த்து உருகினார். பாதி மூடிய கண்ணுக்கு எல்லாமே அழகு.

“மகளே, உன் மணவாளன் எங்கே?”

சுந்தரி ஆதிகேசவனைப் பார்த்தாள். ஆதிகேசவன் அப்போதுதான் யோசித்தான். நான்தான் என்று சொன்னால், ஆஸ்பத்திரித் துணியை வீட்டுக்குக் கொண்டுபோன ரைட்டர் என்றாகும். அதற்குப் பெயர் திருட்டு.

“துரைசாமின்னு பேருங்கம்மா” என்றான். “தோல் ஷாப்புல வேலை. லீவு குடுக்கல.”

“ஞாயிற்றுக்கிழமை அந்தத் துரைசாமியை ஆராதனைக்கு அழைத்து வா. இருவரையும் ஆசீர்வதிப்பேன்.” சொல்லிவிட்டு டாக்டரம்மா வாசலுக்குப் போனார்.

சுந்தரி உதடு அசையாமல் கேட்டாள். “யாருங்க அந்தத் துரைசாமி?”

“யாருமில்ல.”

“ஞாயித்துக்கிழமை யாரைக் கூட்டினு வர்றது?”

“அப்புறம் பாக்கலாம்.”

“இல்லாத ஒருத்தனைச் சொல்றதுன்னு ஆய்ட்டது. ஒரு வாத்தியார்னு சொல்லக் கூடாதா? தோல் ஷாப்புன்னா பேரைக் கேக்கும்போதே நாறுது.”

ஜட்கா வந்து நின்றது. ஹார்ப்பர் துரைசானி இறங்கினாள். ஐம்பது வயதிருக்கும். உயரம். ஒல்லி. கையில் ஒரு நோட்டுப் புத்தகம். வந்தவள் காபி வேண்டாமென்றாள், நேராகத் துணியறைக்குப் போனாள்.

குவியல்களைப் பார்த்தாள். தலையாட்டினாள். பனைமரத்துக்காரனின் இடுப்புச் சட்டைக் கதையைக் கேட்டுச் சிரித்தாள், நோட்டில் எழுதினாள். கட்டுத்துணி டிராயரைத் திறந்தாள். ஒரு சுருளை எடுத்து, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வைத்தாள். இன்னொன்று. அதையும் வைத்தாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு. கிழித்த அளவு சரியா என்று பார்க்கிறாள் என்று ஆதிகேசவன் நினைத்தான். அளவில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு அவள் ஏதோ கேட்டாள்.

“வார்டில் உள்ள நோயாளிகளைக் காண வேண்டுமாம்” என்றார் டாக்டரம்மா.

ரஷீத் அஹமதுவின் கால். அவர் அதைக் காலையிலிருந்து தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. ஆதிகேசவன் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

“இப்பத்தான் பினாயில் போட்டுக் கழுவினாங்கம்மா. வழுக்கும்.”

துரைசானி காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டாள்.

“சாப்பிடறாங்கம்மா. கூச்சப்படுவாங்க.”

மறுபடி கேட்டாள். இந்த முறை ஆதிகேசவனே உள்ளே ஓடினான். ஜவ்வாது மலைக்குக் கட்டிவைத்த கம்பளிகளை அள்ளிக்கொண்டு போய் ரஷீத் அஹமதுவைக் கழுத்துவரை மூடினான்.

“யோவ், சித்திரை மாசம்யா இது.”

“பத்து நிமிஷம் பாய். உங்க காலுக்கு ஆபத்து. வெளிய நீட்டினா எடுத்துடுவாங்க.”

ரஷீத் அஹமது கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டார். மற்றவர்களையும் மூடச் சொன்னான். துரைசானி உள்ளே வந்தபோது பதினேழு பேர் கம்பளிக்குள் வியர்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு கட்டிலாக நின்றாள். குனிந்தாள். ஒரு கம்பளியின் நுனியைத் தொட்டாள். ஆதிகேசவன் அதை இழுத்துச் செருகினான். “குளிர் ஜுரம்” என்றான். அவள் முகம் வாடியது. ஏழைகள்மேல் இரக்கம் என்று அவனுக்குப் பட்டது.

இனி ஒன்றுதான் மிச்சம். தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்கள்.

இருபது அடி தள்ளியே துரைசானி நின்றுவிட்டாள்.

சுந்தரி பழகியபடி அரளிக்கொத்தை உயர்த்திப் பிடித்தாள். துரைசானி கிட்டே போகவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

ஆதிகேசவனுக்கு மூச்சு வந்தது. கடிதம் வந்த பிறகு முதல் மூச்சு. கிட்டே போய்ப் பார்க்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. முதுகு பத்திரம். வலை பத்திரம். வேலை நிரந்தரம். சுந்தரி இனிக் கலவைக்குப் போக மாட்டாள். தைரியம் கூடிப்போய் டாக்டரம்மா பக்கம் ஒரு அடி முன்னால் வந்தான்.

“சொல்லுங்கம்மா. ஒரு நூலுகூடப் பிரியல. ஒரு பொத்தான்கூடப் போகல. வந்தது வந்தபடி இருக்குது. கல்யாணத் துணியைக் கிழிக்கறவங்க நாங்க இல்ல. இந்த ஊர்ல அந்தப் பழக்கமே கெடையாதுன்னு நல்லாச் சொல்லுங்க.”

டாக்டரம்மா சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். பொத்தானைக்கூட விடவில்லை.

துரைசானி பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசினாள். சத்தம் போடவில்லை. நடு நடுவே சுந்தரியைக் காட்டினாள். டாக்டரம்மா பாதியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் துரைசானி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எழுதியதன் மேல் நீளமாக ஒரு கோடு போட்டு மூடினாள்.

“இன்னா சொல்றாங்கம்மா? சந்தோஷம்தானே?”

 டாக்டரம்மா திறந்திருந்த ஒரு கண்ணால் கவுனைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

“இனிப் பெட்டிகள் வரா என்கிறார்கள், ஆதிகேசவனே.”

“ஏம்மா?”

“‘மாலை சூட்டி ஒரே மாதத்தில் என்னை விட்டு ஓடிப்போனவன் வாங்கித் தந்த வஸ்திரம் அது, கிழித்து யாருடைய புண்ணிலாவது கட்டியிருப்பீர்கள், அந்த ஒரு கட்டைக் கண்ணாரக் கண்டுவிட்டுப் போகலாம் என்றுதான் சமுத்திரம் கடந்து வந்தேன், ஒரு முழம்கூடவா கிழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை?’ என்று கேட்கிறார்கள்.”